கற்கண்டு கரையும் வரை

இதை எழுதலாமா என்று முதலில் என் தம்பியிடம்தான் கேட்டேன். அவன் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டு நான் பின்பக்கம் போய்த் துணி உலர்த்த ஆரம்பித்தேன். அவனுக்குப் பதில் வர நேரமாகும். அது தெரிந்தவர்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். தெரியாதவர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு அவர்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசித் துணியைப் பிழியும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எழுது. பேர் போடாத. போட்டோவும் போடாத."

அதனால் இதில் யார் பேரும் இல்லை. அவன் பேர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் பேர் எதற்கு?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். என் மகள், நான் பிழை திருத்தித் தருகிறேன் அம்மா என்றாள். பிழையை மட்டும் திருத்து, சொன்னதைத் திருத்தாதே என்றேன். படிப்பில்லை என்பதற்காக நான் யார் முன்னாலும் தலை குனிந்தது கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றினேன். என் பாலில் தண்ணீர் என்று யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

நான் பிறந்த வீடு பொழிச்சலூரில். எங்கள் ஓட்டு வீட்டுக்கு மேலேயே விமானம் இறங்கும். விமானம் வந்தால் பேசுகிறவர் கையைக் காட்டிப் பாதியில் நிறுத்திவிடுவார். கேட்கிறவரும் அப்படியே நிற்பார். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். பெண் பார்க்க வந்த இடத்திலும் அப்படித்தான், சண்டையிலும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். விமானத்துக்காக அத்தனை பொறுமையாக இருந்த எங்கள் ஜனம், என் தம்பி வாய் திறந்தால் மட்டும் பொறுக்காது. இதை நான் அப்போது யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

என் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். என்னைவிடச் சின்னவன். நடந்ததும் தாமதம், பேசினதும் தாமதம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் மந்தம் என்பார்கள். சொந்தக்காரர்கள் "அது" என்பார்கள். "அது சாப்ட்டுச்சா? அது எங்க போச்சு?" என்று கேட்பார்கள். கேவலமாகச் சொல்வதில்லை, பாசமாகத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

எனக்குக் கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஷெட்டில் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் என் மகள் பிறந்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், அது எங்கள் வழக்கம். என் மகளுக்குத் தாய்மாமன் என்றால் அவன்தான், வேறு ஆள் கிடையாது.

அவனுக்கு அது தெரியும். யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊரில் எத்தனையோ காதுகுத்து பார்த்திருக்கிறான், அதில் தெரிந்துகொண்டிருப்பான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் பொழிச்சலூர் போயிருந்தபோது, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பழகிக்கொண்டிருந்தான். ஒரு கை தலையணைக்கு அடியில். இன்னொரு கை மேலே, தலை இருக்கும் இடத்தில். "அழாத, அழாத, ஆச்சு" என்று அதனிடம் சொல்வான். எங்கள் அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். பெரியப்பா மகன்தான் மடியில் வைத்துக்கொள்வான் என்றாள். அவரை நான் அண்ணன் என்பேன். பம்மலில் சிமெண்ட்டு, ஆணி, பெயிண்ட் விற்கிற கடை வைத்திருந்தார், நல்ல மனுஷர். ஏன் என்று கேட்டேன்.

"பத்தர் ஊசி குத்துறப்போ கொழந்த துள்ளும். இவன் பயந்து கைய வுட்டுட்டான்னா? உன் மாமியார் வூட்டு ஜனம் மொத்தமும் நிக்கும். அவன பாத்து ஒருத்தர் சிரிச்சாலும் எனக்கு ஆவாது" என்றாள்.

அம்மா அவனை அத்தனை வருஷம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவள். யாராவது சிரித்துவிடுவார்களோ என்றே அவள் பாதி ஆயுசு போனது. அதனால் அவளை நான் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் கேட்டாள், எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டாள், அந்த அண்ணனைப் பெற்ற பெரியம்மாவிடம் கேட்டாள். அவனிடம் கேட்கலாம் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை கோயிலில் பத்தர் ஊசியை எடுக்கும்போது, அம்மா அவனைக் கூப்பிட்டு, கற்பூரம் மறந்துவிட்டோம், ஓடிப்போய் வாங்கி வா என்றாள். தட்டில் வெற்றிலைக்கு அடியில் கற்பூரம் இருந்தது. கடை பஸ் நிற்கிற இடத்தில். நல்ல காரியத்துக்குத் தன்னை ஒரு வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று அவனுக்குப் பெருமை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது ஒரு காது முடிந்து இன்னொரு காதும் முடிந்திருந்தது. குழந்தை அண்ணன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கற்பூரப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுக்கவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சம்மணம் போட்டான். வேட்டியைச் சரிசெய்து மடியை விரித்து வைத்துக்கொண்டான். ஒரு கையைக் கீழே வைத்தான், ஒரு கையை மேலே வைத்தான். அப்படியே காத்திருந்தான். குழந்தையை யாரோ என் கையில் கொடுத்துவிட்டார்கள். பால் கொடுக்க நான் தூண் மறைவுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோதும் அவன் அந்த மடியோடுதான் உட்கார்ந்திருந்தான்.

அவன் அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அவன் மறந்துவிட்டான் என்று முடிவு செய்துகொண்டோம்.

சில வருஷம் கழித்து அம்மா போனாள். அப்பா அதற்கு முன்பே போயிருந்தார். அவனை நான் தாம்பரத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். அழைத்து வந்தேன் என்று சொல்கிறேன். வருகிறாயா என்று கேட்டேனா? பெட்டியைக் கட்டினேன், கையைப் பிடித்தேன், பஸ் ஏற்றினேன். அவன் பின்னாலேயே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

எங்கள் வீட்டுக்காரரோடு ஷெட்டில் வேலை பார்த்த ஒருவர், சேலையூர் பக்கம் ஒரு டீச்சரம்மா இந்த மாதிரி வளர்ந்த பிள்ளைகளுக்காக வாடகை வீட்டில் ஓர் இடம் நடத்துகிறார், காகித கவர் ஒட்டவும் சாக்பீஸ் செய்யவும் சொல்லித்தருகிறார் என்றார். ஸ்டேஷன் மேம்பாலம் ஏறிக் கிழக்கே இறங்கி அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டீச்சரம்மா கிறிஸ்தவப் பெண். வெள்ளைப் பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிசாக ஒரு சங்கிலி. தம்பியைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சாப்பிட்டான், இட்லி என்றேன் நான். பஸ்ஸிலா வந்தீங்க என்று அவனைக் கேட்டார். நடந்துதான் வந்தோம் என்றேன். உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும் என்றார். அவனுக்கு நீலம் என்றேன்.

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். அதில் கற்கண்டு இருந்தது, பெரிய பெரிய கட்டியாக.

"வாயில போட்டுக்கோங்கம்மா. கடிக்கக் கூடாது. அது கரையற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. இங்க எல்லா அம்மாவுக்கும் இதுதான் ரூல்."

எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்த்து வாயை மூடு என்று சொன்ன ஆள் அதுவரை பிறக்கவில்லை. ஆனால் வாயில் கற்கண்டை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. அவர் அவனை மறுபடி அதே கேள்வி கேட்டார். என்ன கலர் பிடிக்கும்? கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவில் கீரைக்காரி போனாள். வாயில் பாதிக் கற்கண்டு இருந்தது. அவன் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"பச்ச."

அவனுக்கு விவரம் தெரிந்த நாள் முதலாக அம்மாவும் நானும் நீலச் சட்டைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். நீலம்தான் அவனுக்கு இஷ்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறோம். நான் அவன் சட்டையைப் பார்த்தேன். அன்றைக்கும் நீலம்தான்.

அங்கே வெள்ளிக்கிழமை தோறும் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். அவரவருக்கு எது வேணும், எது வேணாம் என்று அவரவர்தான் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் சுவரோரமாகக் கற்கண்டோடு உட்கார்ந்திருப்போம். ஒருவருக்கு ஜன்னல் பக்கம் இடம் வேணும். ஒரு பெண்ணுக்குப் பின்னல் போட்டுக்கொள்ளப் பிடிக்காது, கொண்டை வேணும். சின்னச் சின்ன ஆசைகள்தான். ஆனால் அதை எங்களில் யாரும் கேட்டிருக்கவில்லை.

வீட்டிலும் அவன் பேச ஆரம்பித்தான். முதலில் வந்தது வேணாம். உப்புமா வேணாம். எண்ணெய்க் குளியல் வேணாம். முடி வெட்டுகிற அந்தக் கடை வேணாம், இந்தக் கடை. எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் ஒரே சிரிப்பு.

"உன் தம்பிக்கு வேணாம்னு சொல்ல டீச்சர் வெச்சு சொல்லித்தர வேண்டியிருக்குது பாரு. உனக்கு அது பொறந்ததுலேர்ந்தே வருது" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சரம்மா அவனிடம் கேட்டார், இதுவரைக்கும் உங்களுக்குக் கிடைக்காதது என்ன, எது வேணும்? நான் சுவரோரம் இருந்தேன். அன்றைக்கு அவனுக்கு ரொம்ப நேரமானது. என் கற்கண்டு கரைந்தே போய்விட்டது. பேசலாம், ஆனால் பேசவில்லை.

"மடி" என்றான்.

வட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. டீச்சரம்மா அவசரப்படவில்லை. அவன் ஒரு கையைக் கீழே வைத்து, ஒரு கையை மேலே வைத்துக் காட்டினான். "பாப்பா. காது. நான் மாமன்."

அப்போது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், எட்டிப் பிடித்தால் மாடத்தில் இருக்கிற சாமான் எட்டும் உயரம். அத்தனை வருஷம் அவன் அதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். கேட்க ஆள் இல்லாததால் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வரும் வழியில் மேம்பாலத்தின் மேலே நின்றோம். கீழே மின்சார ரயில் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு ரயிலை மேலேயிருந்து பார்ப்பது பிடிக்கும். அதையும் அப்போதுதான் சொல்லியிருந்தான். நான் சொன்னேன், பாப்பா பெரியவளானதும் சடங்கு வைப்போம், அதில் மாமன்தான் ஓலை கட்டணும், மாமன்தான் மாலை போடணும், அது நீதான். அவன் ரயில் முழுசாகப் போகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "சரி" என்றான்.

தொண்ணூறுகளில் அந்த நாளும் வந்தது. வீட்டு முன்னால் சாமியானா போட்டோம். பொழிச்சலூரிலிருந்து பச்சைத் தென்னங்கீற்று வந்து இறங்கியது. தம்பி விடிந்ததிலிருந்து உட்கார்ந்து கீற்று முடைந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. வேலை செய்யட்டும் என்றார்கள். அவன் கட்டின குடிசை நன்றாகத்தான் இருந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும். பிறகு குளித்து, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். அந்தச் சட்டைத் துணி அவனே கடையில் காட்டி வாங்கியது.

பெரியம்மா வீட்டிலிருந்தும் சீர்த்தட்டு வந்திருந்தது. பூ, பழம், புடவை, எல்லாம் குறையில்லாமல். அண்ணன் பாக்கெட்டில் பேனா வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவருக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், மாலையைத் தம்பிதான் போடுவான் என்று. சரிம்மா, அதான் மொறை என்று அவரும் சொல்லியிருந்தார். பெரியம்மாவிடம் அவர் சொல்லவில்லை போலிருக்கிறது.

என் மகளை மணையில் உட்காரவைத்தாகிவிட்டது. எங்கள் மாமனார் முன்னே வந்து சபையைப் பார்த்துக் கேட்டார், "தாய்மாமன் யாருப்பா? வந்து மாலய எடு."

தம்பி ஒரு அடி முன்னால் வைத்தான். அவனுக்கு டீச்சரம்மா பழக்கியிருந்தது அதுதான்: உங்களைக் கேட்டால் முதலில் பதில் சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள். எங்கள் மாமனார் யாருப்பா என்று கேட்டுவிட்டார். ஆகையால் அவன் பதில் சொல்லப் போனான். உதடு அசைந்தது.

எனக்குத் தெரியும், அது வந்துவிடும். கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். நான் வாயில் கற்கண்டு இருப்பது மாதிரியே நின்றேன். அவனுக்காக நான் பேசக் கூடாது. அவ்வளவு வருஷம் சுவரோரம் உட்கார்ந்து கற்றது அது ஒன்றுதான். பெருமையாகக்கூட இருந்தது எனக்கு. பாருங்கள், இப்போது அவனே சொல்லப் போகிறான்.

சபை சும்மா இருக்கவில்லை. பின்னால் ஒரு பிள்ளை சிரித்தது. யாரோ இருமினார்கள். மேளக்காரர் என்ன என்று பார்த்தார். பெரியம்மா குரல் எழுந்தது.

"இன்னா எல்லாரும் நின்னுகினு கீறீங்க, நேரம் போவுதுல்ல. அதுக்கு இன்னா தெரியும், பாவம். டேய், நீ எட்து போடுடா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேசாமல் இருந்ததை அண்ணன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அப்படித்தானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? தட்டிலிருந்து மாலையை எடுத்து என் மகள் கழுத்தில் போட்டார். மேளம் கொட்டியது.

அந்தச் சத்தத்தின் நடுவில்தான் தம்பிக்கு வார்த்தை வந்தது.

"நான்" என்றான்.

அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. என் மகளுக்கும் கேட்டிருக்க வேண்டும், குனிந்த தலையை நிமிர்த்தினாள். சொல்லி முடித்துவிட்டு அவன் கையை நீட்டினான், மாலை வாங்க. நீட்டின கையில் யாரோ ஒரு பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன், என் தம்பிக்குக் கிடைக்க வேண்டியது போய்விட்டது என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"உங்க வாய மட்டும் மூடினா எப்படிம்மா? அவருக்குப் பதிலா பேச வேண்டாம்னுதான் சொன்னேன். அவர் பேசற வரைக்கும் மத்தவங்களைச் சும்மா இருக்கச் சொல்லலாமே. அதுக்கு உங்க குரல் வேணும்" என்றார்.

இது முன்பே தெரிந்திருக்க வேண்டியது எனக்கு. விமானம் போகிறவரைக்கும் கையைக் காட்டி எதிராளியை நிறுத்திய ஊரில் பிறந்தவள் நான். அன்றைக்கு ஒரு கையைத் தூக்கி, பொறுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரே என்னைக் கண்டால் பயப்படும், பால் பாக்கிக்காக எத்தனை வாசலில் நின்று குரல் எழுப்பியிருக்கிறேன். அந்தக் குரல் வேண்டிய இடத்தில் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். கல்யாணத்தில் பெண்ணுக்கு நெற்றியில் மாமன் பட்டம் கட்ட வேண்டும். கட்டின பிறகு அவன்தான் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டி வர வேண்டும். இந்தத் தடவை விடுவதில்லை என்று நான் மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அண்ணனிடம் சொன்னேன். வயதாகிவிட்டதால் பெரியம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள், அவளிடம் நேரிலேயே சொன்னேன். சம்பந்தி வீட்டாரிடம் சொன்னேன். மேளக்காரரிடம் போய், நான் தலையசைக்கிற வரைக்கும் வாத்தியத்தில் கை வைக்கக் கூடாது என்றேன். என் மகளிடம் கேட்டேன். அவள், மாமாதான் கட்டணும், வேற யாரும் வேணாம் என்றாள்.

மண்டபத்து வாசலில் சந்தனத்தோடு கற்கண்டுத் தட்டும் வைப்பார்கள் அல்லவா, அங்கே நானே நின்றேன். எங்கள் சொந்தக்காரர் ஒவ்வொருவர் கையிலும் பெரிய கட்டியாகப் பார்த்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கோங்க என்றேன். பெண்ணின் தாய் வாசலில் நின்று எல்லார் வாயையும் இனிக்க வைக்கிறாள் என்று ஒரு பெரியவர் வாழ்த்தினார்.

தம்பி அன்றைக்கும் பச்சைச் சட்டைதான் போட்டிருந்தான். சேலையூரிலிருந்து அவன் கூட வேலை செய்கிறவர்களை அவனே அழைத்திருந்தான். அவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், கொண்டை போட்ட அந்தப் பெண்ணும்.

பட்டத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றேன். சபையைத் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

"எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. மாமன் பேசணும்."

மண்டபம் அடங்கியது. நிஜமாகவே அடங்கியது. பெரியம்மாகூட வாயில் கற்கண்டோடு பேசாமல் இருந்தாள். நான் தம்பியிடம் கேட்டேன், பட்டம் கட்டுறியாப்பா என்று. கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவன் தட்டைப் பார்த்தான். என் மகளைப் பார்த்தான். அவள் நகையும் பூவுமாக அவனைவிட உயரமாக நின்றுகொண்டிருந்தாள். அவன் கண் கொஞ்ச நேரம் அவள் காதில் இருந்தது.

"வேணாம்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் இன்னும் முடிக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"அப்ப வேணும். இப்ப வேணாம்."

சொல்லிவிட்டு அவன் முன் வரிசைக்குப் போய், தன் சிநேகிதர்கள் நடுவில் உட்கார்ந்தான். அவனுக்காக அங்கே ஒரு நாற்காலி காலியாக வைத்திருந்தார்கள்.

அத்தனை பேர் முன்னால் நான் தட்டோடு நின்றேன். கட்டாயப்படுத்தி இழுத்து வரலாம், அவன் மென்மையானவன், வந்துவிடுவான். என் மானம் போகிறது வாடா என்றால் கட்டாயம் வருவான். என் வாய் வரைக்கும் அது வந்தது. சபையை அடக்கி, அவன் பேசுவதைக் கேளுங்கள் என்று சொன்னது நான். அவனும் பேசிவிட்டான். எனக்கு வேண்டியதைச் சொல்லவில்லை என்பதற்காக அதைக் கேட்கவில்லை என்று ஆக்க முடியுமா?

தட்டை அண்ணனிடம் கொடுத்தேன். மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். அண்ணன்தான் பட்டம் கட்டினார். என் மகள் அழுதாள். கல்யாணப் பெண் அழுவது சகஜம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பாத்திரமெல்லாம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஏன்டா வேணாம்னே என்று கேட்டேன். மிச்சமிருந்த கற்கண்டில் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

கோபத்தில் சொன்னானா, பயத்தில் சொன்னானா? இல்லை, நிஜமாகவே ஆசை போய்விட்டதா? அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு கைக்குழந்தை, ஒரு மடி, அழாதே என்று சொல்ல ஒரு நிமிஷம். அதை நாங்கள் அப்போதே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாகப் பட்டத்தைத் தட்டில் வைத்து நீட்டினால் இது அதற்குச் சமம் ஆகிவிடுமா? இதையெல்லாம் நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். பாருங்கள், இப்போதும் அவனுக்காக நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கற்கண்டு சின்னதாகி, ஊசி முனை மாதிரி ஆகி, கரைந்தே போனது. அவன் உதடு அசையவில்லை. அவனுக்குச் சொல்ல இஷ்டமில்லை. நான் மறுபடி கேட்கவில்லை.

வெகு நேரம் கழித்து அவன் கையை நீட்டினான்.

"எனக்கு ஒண்ணு."

தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தேன். இன்னொன்றை என் வாயில் போட்டுக்கொண்டேன். வண்டிக்காரர் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.